பாகம் மூன்று, விதி பதினான்கு

நீதிமன்றத்துச் சட்ட நூலகத்தில் எல்லோரும் அவளைப் பசையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பசையுள்ள ஆள் போலிருக்கிறது என்று யாரும் சப்புக்கொட்ட வேண்டாம். அவளிடம் இருந்தது ஒரு கிண்ணம் மைதாப் பசை, ஒரு பிரஷ், ஒரு கத்தரிக்கோல், இருபத்து நான்கு வருஷ சர்வீஸ், அவ்வளவுதான்.

சட்டம் சும்மா இருக்காது. இன்றைக்கு ஒரு வரியைச் சேர்ப்பார்கள், நாளைக்கு ஒரு வார்த்தையைப் பிடுங்குவார்கள். ஒவ்வொரு தடவையும் முழுப் புத்தகத்தையும் புதிதாக அடித்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் மாறிய பகுதியை மட்டும் துண்டு துண்டாக அச்சடித்து அனுப்புவார்கள். திருத்தச் சீட்டு என்று பெயர். அதைக் கத்தரித்து, புத்தகத்தில் உரிய இடத்தைத் தேடி, பழைய வரிகளின் மேல் ஒட்ட வேண்டும். கேட்பதற்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேலை மாதிரி இருக்கும். ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், கண் எப்படிப் பூத்துப்போகிறது என்று.

மற்ற நூலகங்களில் சீட்டு முழுக்கப் பசையை அப்பி, ஓங்கி ஓர் அறை அறைந்து ஒட்டிவிடுவார்கள். அடியில் இருந்த பழைய சட்டம் அன்றோடு சமாதி. பசையம்மாவுக்கு அந்த அராஜகம் பிடிக்காது. மேல் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தடவுவாள். சீட்டைத் தூக்கினால் கீழே பழைய வரி தெரியும். சீட்டின் முதுகில் எந்த அரசிதழ், என்ன தேதி, எந்தப் பாகம், எந்த விதி என்று பென்சிலால் பொடியாக எழுதியும் வைப்பாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரு சட்டம் எப்படி இருந்து எப்படி ஆயிற்று என்று தெரிய வேண்டாமா என்பாள். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்டால் முறைப்பாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு சீட்டுகூட இடம் மாறி ஒட்டியதில்லை என்பது அவளுடைய பெருமை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நீதிமன்ற நடைமுறை விதிகளை மறுபதிப்புச் செய்யக் கிளம்பிய அச்சகத்தார், ஊரில் இருக்கிற பிரதிகளிலேயே சுத்தமானது என்று அவள் ஒட்டிய பிரதியைத்தான் வாங்கிக்கொண்டு போய் எழுத்துக்கு எழுத்து அடித்தார்கள். இன்றைக்கு எல்லா வக்கீல் மேசையிலும் கிடக்கிறது அந்த மறுபதிப்புதான். கம்ப்யூட்டரில் ஏறியிருப்பதும் அதுதான். இதைச் சொல்லும்போது பசையம்மாவின் தோள் தானாக நிமிரும்.

அவளுக்கு ஒரே ஓர் அக்கா. அதே நீதிமன்றத்தின் கிழக்கு வராந்தாவில் முப்பது வருஷமாக டைப் அடிக்கிறவள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்கிற ஆட்கள் வாயால் சொல்லச் சொல்ல, அதை மனுவாக, பிரமாணப் பத்திரமாக அடித்துக் கொடுப்பாள். அப்படிப் பதினோரு பேர் அந்த வராந்தாவில் இருக்கிறார்கள். அக்காவின் விரல் வேகத்தை அவளுடைய வாய் மட்டும்தான் முந்தும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் கட்டட நிர்வாக அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, வராந்தாவில் கிடந்த மர பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். டைப்பிஸ்டுகளுக்கு பெஞ்சு போட எந்த விதியும் இல்லையாம். அக்கா நேராக நூலகத்துக்கு வந்து, அப்படி ஏதாவது விதி உண்டா பார் என்றாள். பசையம்மா மறுபதிப்பை அட்டையிலிருந்து அட்டைவரை புரட்டினாள். டைப்பிஸ்ட் என்ற பேச்சே இல்லை.

"இல்லக்கா. என் புத்தகத்தைப் பாத்து அடிச்சது இது. தப்பா இருக்காது" என்றாள்.

அன்றிலிருந்து அக்கா ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து டைப் அடிக்கிறாள். சாய்ந்துகொள்ள எதுவும் கிடையாது. சாயந்தரம் எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கட்டட நிர்வாக அதிகாரியின் ஏழு தலைமுறையையும் வரிசையாக விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

போன மாதம் அடுத்த இடி இறங்கியது. வராந்தாவையே காலி செய்ய வேண்டுமாம், கார் நிறுத்தப் பாதை வருகிறதாம். பதினோரு பேரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாட வந்தவர் வாய்தா வக்கீல். எந்த வழக்கிலும் ஒரு வாய்தா வாங்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது என்பதால் வந்த பெயர். ஆனால் மனுஷன் தங்கம். டைப்பிஸ்டுகளுக்காகக் கூலி வாங்காமல் நின்றார்.

திங்கட்கிழமை காலையில் அவர் நூலகத்துக்குள் வேர்த்து விறுவிறுத்து நுழைந்தார். வியாழக்கிழமை விசாரணையாம். நீதிபதியம்மா இனி வாய்தா என்ற சொல்லையே கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். சட்டத்தில் பிடி எதுவும் இல்லை, எத்தனை காலமாக அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்ட ஒரு பழைய காகிதமாவது வேண்டும் என்றார். நூற்றாண்டுப் பழக்கம் என்று சொல்லி நீதிபதியின் மனசைக் கொஞ்சம் இளக்கலாமே என்பது அவர் கணக்கு.

பசையம்மா சாவியை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். தலைமை நூலகருக்குத் தூசி ஆகாது, படிக்கட்டைப் பார்த்தாலே தும்முவார். அதனால் அந்தக் கீழ்த்தளம் ஏறக்குறைய அவளுடைய சொந்த ராஜ்ஜியம். நீதிமன்றம் கட்டிய நாளிலிருந்து வந்த ஆண்டறிக்கைகள், நீதிபதிகளின் குறிப்புப் புத்தகங்கள், தோல் அட்டை போட்ட அரசிதழ்கள், காலாவதியான சட்டங்கள் எல்லாம் அங்கேதான் வரிசையாக நின்றன. மேலே வக்கீல்கள் இன்றைய சட்டத்துக்காக அடித்துக்கொள்வார்கள். கீழே நேற்றைய சட்டங்கள் சண்டையெல்லாம் முடிந்து ஓய்வில் இருக்கும்.

முதல் ஒரு மணி நேரம் தூசிதான் கிடைத்தது. அப்புறம் ஒரு பழைய நீதிபதியின் குறிப்புப் புத்தகத்தைப் பிரித்தாள். தெருவில் யாரிடமோ எழுதி வாங்கி வருகிற மனுக்கள் அந்த மனிதரை என்ன பாடு படுத்தியிருக்கின்றன! ஒரு மனுவை மூன்று தடவை படித்தும், காணாமல் போனது மாடா மருமகனா என்று தனக்குப் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தார். நல்ல கையெழுத்துள்ள எழுத்தர்களை வெயிலில் அலையவிடாமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தால் நீதிமன்றத்துக்குத்தான் நல்லது என்று கடைசியில் ஒரு வரி. பசையம்மா அந்த இடத்தில் தனியாக நின்று சிரித்தாள்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள் என்றால் அதற்கு ஓர் உத்தரவு இருந்தாக வேண்டும். அடுத்த வருஷத்து அரசிதழை இழுத்தாள். கைக்குட்டையால் தூசியைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போனாள். கிடைத்துவிட்டது. நடைமுறை விதிகள், பாகம் மூன்று, விதி பதினான்கு. மனு எழுதுவோருக்குக் கிழக்கு வராந்தாவில் மழையும் வெயிலும் படாத இடம் தர வேண்டும். முதுகு சாய்க்க வசதியுள்ள பெஞ்சுகள் போட வேண்டும். இதற்குக் குந்தகம் விளைவிக்க எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை.

பழக்கம் இல்லையப்பா, விதி! அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மனசை இளக்கக் காகிதம் தேடி வந்தவளுக்குச் சட்டமே கையில் வந்து விழுந்திருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டை மறந்தாள், நாற்காலியை மறந்தாள், தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு அடுத்தடுத்த வருஷங்களைப் புரட்டினாள். ஒரு திருத்தத்தில் தட்டச்சு இயந்திரம் வராந்தாவுக்குள் வந்தது, சத்தம் கேட்காமல் இருக்க அடியில் கம்பளித்துண்டு போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்னொன்றில் 'ஆண் எழுத்தர்' என்றிருந்த இடத்தில் 'ஆண்' என்ற சொல்லைத் தூக்கிவிட்டார்கள். ஏன் தூக்கினார்கள் என்று ஆண்டறிக்கையில் தேடினாள். புருஷனை இழந்த ஒரு பெண், அவன் இருந்த இடத்தில் தான் உட்கார்ந்து எழுதுவேன் என்று மனுக் கொடுத்து, அந்த மனுவை எல்லோரையும்விட அழகாக எழுதியிருந்தாளாம். அக்கா முப்பது வருஷமாக வராந்தாவில் உட்கார்ந்திருப்பது அந்தப் பெயர் தெரியாத பெண் போட்ட வழியில்தான். இதைப் போய் அவளிடம் சொல்ல வேண்டும் என்று பசையம்மாவுக்குக் கால் பரபரத்தது.

அப்படியானால் மறுபதிப்பில் ஏன் இல்லை? மேலே ஓடிப்போய்ப் பார்த்தாள். பாகம் மூன்றில் பதின்மூன்றாவது விதி இருந்தது, பதினைந்தாவது இருந்தது. நடுவில் 'பதினான்கு: நீக்கப்பட்டது' என்று ஒரே வரி. அத்தனை உற்சாகமும் பொசுக்கென்று இறங்கிவிட்டது. போயும் போயும் இதை யார் நீக்கினார்கள், எதற்கு நீக்கினார்கள் என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதையும் பார்க்காமல் விடுவதில்லை என்று மறுபடி கீழே இறங்கினாள்.

மறுபதிப்பு வந்தபிறகு யாரும் தொடாமல் கிடந்த பழைய பிரதி, அவள் ஒட்டிய பிரதி, ஓர் அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. பாகம் மூன்று, விதி பதினான்கைப் பிரித்தாள். விதியின் மேல் சீட்டு. 'விதி பதினான்கு நீக்கப்பட்டது.' நேர்த்தியாக, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது. எந்த அரசிதழ் என்று பார்க்கச் சீட்டைத் தூக்கினாள். முதுகில் அவளுடைய சொந்தப் பென்சில் எழுத்து. அரசிதழ் எண், தேதி, அப்புறம்: பாகம் இரண்டு, விதி பதினான்கு.

பாகம் இரண்டு.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அந்த அரசிதழை இழுத்துப் பார்த்தாள். அதிலும் பாகம் இரண்டுதான். புத்தகத்தில் பாகம் இரண்டைத் திருப்பினாள். அங்கே விதி பதினான்கு சீட்டில்லாமல் சௌக்கியமாக இருந்தது. நீதிமன்றத்துக்கு வரும் குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்க வேண்டும் என்ற விதி. நீக்கச் சொன்னது குதிரையை. அவள் நீக்கியது அக்காவை.

தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அச்சகத்து ஆள் புத்தகத்தை வாங்கிப்போக வந்து பக்கத்தில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுபத்திரண்டு சீட்டு பாக்கி. முதுகில் சரியாக எழுதிவிட்டு, ஒட்டுகிற அவசரத்தில் பக்கம் மாறிவிட்டாள். அதைத்தான் அச்சடித்தார்கள், அதைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள், அதைக் காட்டித்தான் பெஞ்சைத் தூக்கினார்கள். பசையம்மா அந்தத் தரையில் உட்கார்ந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அழுதுகொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. விதி சாகவில்லை. பத்தொன்பது வருஷமாக உயிரோடு இருந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் தலைமை நூலகரிடமும் வாய்தா வக்கீலிடமும் எல்லாவற்றையும் கொட்டினாள். நூலகர் தும்முவதையே மறந்துவிட்டார். அரசிதழைக் கண்டுபிடித்தேன் என்று மட்டும் சொல்லி நகல் கொடுத்துவிடுங்கள், சீட்டைப் பற்றி எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறீர்கள், உங்கள் பெயர் தீர்ப்பில் ஏறினால் காலாகாலத்துக்கும் அழியாது என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார்.

வக்கீல் நெற்றியைத் தேய்த்தார். "அரசிதழ் மட்டும் போதாதும்மா. வேற ஏதாவது உத்தரவுல இதையும் நீக்கியிருப்பாங்க, அதனாலதான் மறுபதிப்புல இல்லன்னு எதிர்த்தரப்பு சொல்லும். தப்பு எங்க நடந்துச்சுன்னு காட்டினாத்தான் அந்த வாய அடைக்க முடியும். அந்தப் புத்தகம் வேணும். ஒட்டின ஆளும் வேணும்."

எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் பசையம்மா. நீதிமன்றத்தில் நிற்பதற்கு அவளுக்குப் பயமில்லை. பிரமாணப் பத்திரம் என்றால் அதை யாராவது டைப் அடித்தாக வேண்டும் என்பது வக்கீல் போனபிறகுதான் உறைத்தது. இன்னொருவரிடம் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் வராந்தா முழுக்கத் தெரிந்துவிடும். அக்கா அதைப் பக்கத்து மெஷின்காரர் வாயிலிருந்து கேட்கக் கூடாது.

வராந்தாவில் அக்கா கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். ஏண்டி, ரெண்டு நாளா ஆளையே காணோம், புத்தகத்துக்குள்ள வெச்சு உன்னையும் ஒட்டிட்டாங்களா என்று கேட்டாள். பசையம்மா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடிக்கா, சொல்றேன் என்றாள். சாதாரணக் கட்சிக்காரர் சொல்வதுபோலச் சொன்னாள். நான் இன்னார், இன்ன வேலை பார்க்கிறேன், இன்ன தேதியில் இன்ன சீட்டை ஒட்டினேன். அக்காவின் விரல்கள் சடசடவென்று ஓடின. பாகம் இரண்டில் ஒட்ட வேண்டியதைப் பாகம் மூன்றில் ஒட்டிவிட்டேன். விரல்கள் ஓடின. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வராந்தா டைப்பிஸ்ட் ஒருவர் என்னிடம் வந்து விதி உண்டா என்று கேட்டபோது, மூலத்தைப் பார்க்காமல், இல்லை என்று சொன்னேன்.

விரல்கள் நின்றன. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் பத்து மெஷின்கள் அடித்துக்கொண்டிருந்தன. பிறகு அந்த வரியையும் அடித்து முடித்து, காகிதத்தை உருவி எடுத்து, ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் நீட்டினாள்.

"கையெழுத்துப் போடு" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கும் அடுத்த நாளும் அக்காவிடமிருந்து வேறு ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய சத்தம் என்று பசையம்மா அந்த இரண்டு நாளில்தான் தெரிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை நீதிமன்ற அறை நிரம்பி வழிந்தது. டைப்பிஸ்டுகள் பதினோரு பேரும் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதிகாரபூர்வ மறுபதிப்பைத் தூக்கிக் காட்டி, நீக்கப்பட்டது என்றால் நீக்கப்பட்டதுதான் என்று முடித்துக்கொண்டார். வாய்தா வக்கீல் வாழ்நாளில் முதல்தடவையாக வாய்தா கேட்காமல் எழுந்தார். அரசிதழைக் கொடுத்தார், பழைய புத்தகத்தைக் கொடுத்தார். நீதிபதியம்மா தானே சீட்டைத் தூக்கிப் பார்த்தார், இறக்கினார், மறுபடி தூக்கினார். கூண்டில் நிற்கிற பசையம்மாவைப் பார்த்தார்.

"அப்போ இந்த மறுபதிப்புப்படி இன்னிக்கும் ஒரு குதிரை வந்தா நான் தண்ணி வெக்கணும். டைப்பிஸ்ட் வந்தா வெளிய போன்னு சொல்லணும். அப்படித்தானே?"

அறை முழுக்கச் சிரித்தது. பசையம்மாவும் சிரித்துவிட்டு, உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். நீதிபதியம்மா சிரிக்கவில்லை. இருபத்து நான்கு வருஷத்தில் இதுபோல இன்னும் எத்தனை சீட்டு இடம் மாறியிருக்கும் என்று கேட்டார். அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாளாகத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அதுதான்.

"தெரியாதுங்கம்மா. ஒண்ணுகூட இல்லன்னு போன வாரம் வரைக்கும் சத்தியம் பண்ணியிருப்பேன். இப்ப பண்ண மாட்டேன். ஒவ்வொண்ணா சரிபாத்துச் சொல்றேன்."

உத்தரவு அங்கேயே சொல்லப்பட்டது. பாகம் மூன்று, விதி பதினான்கு ஒரு நாளும் நீக்கப்படவில்லை, வராந்தா எழுத்தர்களுடையது, ஒரு வாரத்துக்குள் முதுகு சாய்க்கும் பெஞ்சுகள் போட வேண்டும். நூலகத்தில் உள்ள அத்தனை சீட்டுகளையும் அரசிதழோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, ஒட்டியவரே அறிக்கை தர வேண்டும். பிழை யாருடையது என்பதும் தீர்ப்பில் ஒரு பத்தியாக ஏறியது. அந்தத் தீர்ப்புத் தொகுதி அச்சாகி வந்தால் அதை அலமாரியில் அடுக்க வேண்டியதும் அவள்தான்.

வெளியே மற்ற பத்துப் பேரும் வாய்தா வக்கீலைத் தூக்காத குறைதான். யாரோ காபி வாங்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பசையம்மாவையும் தோளில் தட்டினார்கள், கண்டுபிடிச்சுக் குடுத்தீங்களே என்றார்கள். தொலைச்சதும் நான்தானே என்று அவளுக்கு வாய்வரை வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வராந்தா மூலைக்குப் போனாள். அக்கா அதற்குள் மெஷினுக்கு முன்னால் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கூடைமேல் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

பசையம்மா பக்கத்தில் போய் நின்றாள். அந்தப் புருஷனை இழந்த பெண்ணின் கதையைச் சொல்லத்தான் திங்கட்கிழமை ஆசையாக இருந்தது. இப்போது அதைச் சொல்லும் நேரமில்லை என்று பட்டது.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "அஞ்சு வருஷமா அந்தக் கட்டட அதிகாரியத் திட்டாத நாள் கிடையாது. பாவம், அந்தாள் மேல தப்பே இல்ல."

"என்னைத் திட்டுக்கா."

"திட்டாம?" அக்கா ஒரு புதுத் தாளை எடுத்து மெஷினில் செருகினாள். "பெஞ்சு வரட்டும். நல்லா சாஞ்சு உக்காந்து திட்டறேன்."